ஆதிச்சநல்லூர்ப் பரம்பும் தாழிப் பாடல்களும்: ஈமச்சடங்கின் படிநிலைகள் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தாமிரபரணியின் தென்கரையில் அமைந்துள்ள ஆதிச்சநல்லூர்ப் பரம்பு, தென்னிந்திய இரும்புக்கால ஈமக்காடுகளுள் பரப்பாலும் பொருள்வளத்தாலும் முதன்மையானது. அதில் கிடைத்த தாழிகளைச் சங்க இலக்கியத் தாழிக் குறிப்புகளோடு ஒப்பிடும் வழக்கம் தமிழாய்வில் நெடுநாளாக உண்டு. பெரும்பாலான ஒப்பீடுகள் 'இலக்கியம் கூறுவது அகழாய்வில் மெய்ப்பட்டது' என்னும் அளவோடு நின்றுவிடுகின்றன. இக்கட்டுரை தாழியை வைக்கும் முறை, எலும்புகளின் நிலை, தாழியைச் சூழ்ந்து ஊன்றப்பட்ட இரும்புக் கருவிகள் ஆகிய மூன்றையும் புறநானூறு, நற்றிணை, பதிற்றுப்பத்து, அகநானூறு, மணிமேகலை ஆகிய நூல்களின் குறிப்புகளோடு தனித்தனியே வைத்து நோக்குகிறது. இரு சான்றுகளும் ஒத்துப்போகும் இடங்களைப் போலவே மாறுபடும் இடங்களும் ஈமச்சடங்கின் படிநிலைகளை விளக்க உதவுகின்றன என்பதை நிறுவுவது இதன் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: ஆதிச்சநல்லூர், முதுமக்கள் தாழி, இரும்புக்காலம், இரண்டாம் நிலை அடக்கம், கவித்தல், நடுகல், காலக்கணிப்பு.

1. முன்னுரை

இறந்தோரை அடக்கம் செய்த இடம், வாழ்ந்தோரைப் பற்றிய ஆவணமாகும். எதைப் புதைப்பது, எதனோடு புதைப்பது, எந்த நிலத்தில் புதைப்பது என்பனவற்றை முடிவு செய்தவர்கள் உயிரோடிருந்தவர்களே. ஆகவே ஈமக்காட்டின் தொல்லியல், ஒரு சமுதாயம் தன் இழப்பை எவ்வாறு ஒழுங்குபடுத்திக்கொண்டது என்பதை ஆராயும் துறையாகவும் அமைகிறது.

தமிழ்ச் சூழலில் இவ்வாய்வுக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. தாழியில் அடக்கம் செய்யும் வழக்கம் மண்ணுக்கடியிலும் கிடைக்கிறது, பாட்டிலும் கிடைக்கிறது. இவ்வாய்ப்பே ஓர் இடர்ப்பாட்டையும் உடன்கொண்டு வருகிறது. பாட்டைக் கொண்டு மண்ணைப் படிப்பதும், மண்ணைக் கொண்டு பாட்டுக்குக் காலம் குறிப்பதும் எளிதாக நிகழ்ந்துவிடுகின்றன. ஒன்று மற்றொன்றுக்குச் சான்றாக, மற்றொன்று முன்னதற்குச் சான்றாக நிற்கும் சுழல்வாதம் இதனால் பிறக்கிறது. இச்சுழலைத் தவிர்க்க இரு சான்றுகளையும் முதலில் அவற்றின் இயல்பிலேயே வைத்துப் பார்த்து, பின்னர் ஒப்பிடுதல் வேண்டும். இக்கட்டுரை அம்முறையையே மேற்கொள்கிறது.

ஆதிச்சநல்லூரைப் 'பெருங்கற்காலச்' சின்னமாகக் குறிப்பிடும் வழக்கம் நூல்களில் பரவலாகக் காணப்படுகிறது. கல்வட்டம், கற்பதுக்கை, கற்குவை போன்ற பெருங்கற்களால் ஆன அமைப்புகள் இவ்விடத்தின் அடையாளமாக இல்லை. கல் எழுப்பாத தாழிக்காடு இது. கருப்பு-சிவப்பு மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் பிற பெருங்கற்கால இடங்களோடு இதனை இணைக்கின்றனவாயினும், 'இரும்புக்கால ஈமக்காடு' என்னும் பெயரே பொருத்தமுடையது. இக்கட்டுரையில் அப்பெயரே ஆளப்படுகிறது.

2. பரம்பின் நில அமைப்பு

தூத்துக்குடி மாவட்டத்தில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், திருவைகுண்டத்தை அடுத்து ஆதிச்சநல்லூர் அமைந்துள்ளது. தாழிகள் புதைந்துள்ள மேட்டுநிலத்தை அவ்வட்டார மக்கள் 'பரம்பு' என்று வழங்குகின்றனர். அதன் பரப்பு 114 ஏக்கர் என அலெக்சாந்தர் ரீ குறித்துள்ளார். இம்மேடு மனிதர் மண்ணைக் குவித்து எழுப்பியதன்று, இயற்கையான சரளைமேடு. மேற்பரப்பில் சரளையும் அதனடியில் வெண்கற் பாறையும் காணப்படுகின்றன. மேட்டின் நடுப்பகுதியில் ஒவ்வொரு தாழிக்கும் பாறையில் தனித்தனிக் குழி குடையப்பட்டு, குழிகளுக்கிடையே பாறையின் ஒரு பட்டை விடப்பட்டிருந்ததை ரீ பதிவு செய்துள்ளார்.

இந்த நிலத்தேர்வு கருதத்தக்கது. ஆற்றை ஒட்டிய தாழ்நிலம் நெல் விளையும் நிலம். சரளைமேடோ உழவுக்கு உதவாதது, வெள்ளம் ஏறாதது. உழுநிலத்தை வாழ்வோருக்கும் உழாநிலத்தை இறந்தோருக்கும் ஒதுக்கிய பங்கீடாக இதனைக் கொள்ளலாம். ஆனால் நிலச் சிக்கனம் ஒன்றே காரணமாயின், மென்மையான சரளைப் பகுதியோடு நின்றிருக்கலாம். பாறையைக் குடைந்து குழி அமைத்தது மிகுந்த உழைப்பைக் கோரும் செயல். இறந்தவருக்கெனத் தனி இடம், பிறர் குழியோடு கலவாத இடம் வேண்டும் என்னும் கருத்து அவ்வுழைப்பின் பின்னணியில் இருந்திருத்தல் வேண்டும்.

தாழிகளின் செறிவு குறித்து இரு காலத்துக் குறிப்புகளை ஒப்பிட இயலும். தாழிகள் ஏறத்தாழ 6 அடி இடைவெளியில், 3 முதல் 12 அடியும் அதற்கு மேலுமான ஆழத்தில் கிடைத்தன என்பது ரீயின் குறிப்பு. அவ்விடைவெளியின்படி ஒரு தாழிக்கு 36 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 3.3 சதுர மீட்டர் ஆகிறது. ஓர் ஏக்கருக்குச் சுமார் 1,200 தாழிகள் என்னும் கணக்கு கிடைக்கிறது. 2004-05 அகழாய்வில் சுமார் 600 சதுர மீட்டர் பரப்பில் 150க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. இது ஒரு தாழிக்கு ஏறத்தாழ 4 சதுர மீட்டர். ஒரு நூற்றாண்டு இடைவெளியில், வெவ்வேறு குழிகளில் எடுத்த இரு கணக்குகளும் நெருங்கிவருவது குறிப்பிடத்தக்கது. எனினும் இவ்வெண்ணை 114 ஏக்கரால் பெருக்கி மொத்தத் தொகை கூறுதல் பிழையாகும். அகழப்பட்டவை தாழி மிகுதியாக உள்ளதெனத் தேர்ந்த பகுதிகள். மேலும் தாழிகள் ஒரே அடுக்கில் அமையாமல் ஒன்றன்மேல் ஒன்றாகவும் புதைக்கப்பட்டுள்ளன. ஒரே இடம் மீண்டும் மீண்டும் பயன்பட்டது என்பதையே இவ்வடுக்குகள் காட்டுகின்றன. பரம்பின் பரப்பு, ஒரு தலைமுறையின் மக்கள்தொகையைக் காட்டும் அளவுகோலாகாது. பல தலைமுறைகளின் தொடர்ச்சியைக் காட்டுவதாகும்.

3. அகழாய்வு வரலாறு: கேள்விகளின் மாற்றம்

பரம்பில் நிகழ்ந்த அகழாய்வுகளை, அவற்றை நடத்தியோர் எழுப்பிய கேள்விகளின் அடிப்படையில் மூன்று காலகட்டங்களாகப் பகுக்கலாம்.

முதற் காலகட்டம் பொருள் திரட்டும் காலகட்டம். 1876ஆம் ஆண்டில் பெர்லினைச் சேர்ந்த ஃபெடோர் யாகோர் இங்கு அகழ்ந்தார். 50க்கும் மேற்பட்ட வகையான மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் மண்டையோடுகளும் எலும்புகளும் அவருக்குக் கிடைத்தன; அவர் திரட்டியவை பெர்லின் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. 1899 முதல் 1905 வரையிலான ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறையின் தென்வட்டக் கண்காணிப்பாளராக இருந்த அலெக்சாந்தர் ரீ விரிவான அகழாய்வுகளை நடத்தினார். 1903-04இல் பிரெஞ்சு அறிஞர் லூயி லாப்பிக்கும் இங்கு அகழ்ந்தார். ஆதிச்சநல்லூர், பெரும்பேர் ஆகிய இரு இடங்களின் தொல்பொருள்களுக்கும் ரீ உருவாக்கிய விளக்கப் பட்டியல் 1915இல் வெளிவந்தது. அப்பொருள்கள் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன.

ரீயின் பட்டியல் இன்றும் பயன்படும் அடிப்படை ஆவணம். அதன் குறை, அது பொருள்வகையால் அமைந்த பட்டியல் என்பதே. மட்கலம், இரும்பு, வெண்கலம், பொன் எனப் பொருள்கள் தனித்தனியே வகைப்படுத்தப்பட்டுள்ளன. எந்தத் தாழியோடு எந்தப் பொருள்கள் சேர்ந்து கிடைத்தன என்னும் தொடர்பைப் பெரும்பாலான பொருள்களுக்கு இன்று மீட்டெடுக்க இயலவில்லை. ஒரு செய்யுளின் சொற்களைப் பிரித்து அகரவரிசையில் அடுக்கியபின், அச்செய்யுளை மீட்டமைக்க முயல்வதற்கு ஒப்பானது இந்நிலை.

இரண்டாம் காலகட்டம் 2004-05இல் தி. சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வு. தாழிகளின் அடுக்குநிலை, எலும்புகளின் கிடக்கை, தாழியோடு பொருள்களுக்கு உள்ள தொடர்பு ஆகியன இதில் கருதப்பட்டன. குயவர் சூளைகளின் தடயங்களும் வாழ்விடப் பகுதியில் வெளிப்பட்டன. எனினும் இதன் முழு அறிக்கை நீண்டகாலம் வெளிவராதிருந்தது. அது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் பொருளாகவும் ஆயிற்று.

மூன்றாம் காலகட்டம் 2020க்குப் பிற்பட்டது. அவ்வாண்டு ஒன்றிய நிதிநிலை அறிக்கையில், களத்திலேயே அருங்காட்சியகம் அமைக்கப்படவுள்ள ஐந்து தொல்லியல் இடங்களுள் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் இந்தியத் தொல்லியல் துறையும் இங்கும் அண்மையிடங்களிலும் அகழாய்வுகளை மேற்கொண்டன. சிவகளை, கொற்கை ஆகியவற்றோடு இணைத்து ஆற்றுவெளி முழுவதையும் ஒரே பண்பாட்டு நிலப்பரப்பாக நோக்கும் போக்கு இக்காலத்தில் வலுப்பெற்றுள்ளது.

4. தாழியும் அதனைச் சூழ்ந்தவையும்

4.1 தாழியின் அமைப்பும் எலும்புகளின் நிலையும்

இங்குள்ள தாழிகள் தடித்த சுவருடைய, சிவப்பு நிறக் கனத்த மட்கலங்கள். அவை குழியில் நிமிர்த்தி வைக்கப்பட்டன. சில தாழிகளின் வாய் மூடியால் மூடப்பட்டிருந்தது. வேறு சிலவற்றில் ஒரு தாழியின் வாய்மேல் மற்றொரு தாழி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இவ்விரட்டைத் தாழி அமைப்பு இலக்கிய ஒப்பீட்டுக்கு முதன்மையானது.

எலும்புகளின் நிலையால் தாழிகள் இருவகைப்படும். முழு எலும்புக்கூடு, கால்களை மடக்கி அமர்ந்த நிலையில் காணப்படுவன ஒருவகை; மண்டையோடும் தேர்ந்தெடுத்த சில எலும்புகளும் மட்டும் காணப்படுவன மற்றொரு வகை. முன்னது உடலையே தாழியில் இட்ட முதல்நிலை அடக்கம். பின்னது, உடல் வேறிடத்தில் இயற்கையால் சிதைந்தபின் எலும்புகளைத் திரட்டித் தாழியில் இட்ட இரண்டாம் நிலை அடக்கம்.

முதுமை மிகுந்தும் உயிர் பிரியாதோரைத் தாழிக்குள் வைத்து உணவும் விளக்கும் இட்டுப் புதைத்தனர் என்னும் செவிவழிக் கதை தென்மாவட்டங்களில் பரவலாக வழங்குகிறது. 'முதுமக்கள் தாழி' என்னும் தொடரில் உள்ள 'முதுமக்கள்' என்பதை 'முதியோர்' எனக் கொண்டதன் விளைவாக இக்கதை தோன்றியிருக்கலாம். 'முன்னோர்' என்பதே இவ்விடத்துப் பொருந்தும் பொருள். தேர்ந்தெடுத்த எலும்புகள் மட்டும் உள்ள தாழிகள் இக்கதைக்கு இடந்தராமையைத் தொல்லியல் தெளிவாக்குகிறது; இறந்து உடல் அழிந்தபின் திரட்டப்பட்ட எலும்புகளே அவற்றுள் உள்ளன.

4.2 உடனிடு பொருள்கள்

தாழிகளின் உள்ளும் புறமும் கருப்பு-சிவப்புக் கலங்களும் கிண்ணங்களும் தாங்கிகளும் வைக்கப்பட்டிருந்தன. சில கலங்களில் நெல்லின் உமியும் சிறுதானியமும் இருந்தன. துணியின் தடங்களும் கிடைத்துள்ளன. 2004-05இல் கிடைத்த ஓர் ஓட்டில் பெண்ணுருவம், பயிர், அதன்மீது அமர்ந்த நாரை, மான், முதலை ஆகியன மண்ணால் ஒட்டுருவமாகப் புனையப்பட்டிருந்தன. ஆற்றங்கரை வாழ்வின் உயிரினங்கள் ஈமக்கலத்தில் இடம்பெற்றமை எண்ணத்தக்கது.

உலோகங்களின் பயன்பாட்டில் ஒரு தெளிவான பகுப்பு காணப்படுகிறது. வாள், வேல், அம்பு, கோடரி, மண்வெட்டி, சூலம் போன்ற கருவிகள் இரும்பாலானவை. விலங்கும் பறவையும் அமைந்த மூடிகள், கிண்ணங்கள், வடிகட்டிகள், அணிகள் ஆகியன வெண்கலத்தாலானவை. புள்ளிகளும் கோடுகளும் இட்ட மெல்லிய பொற்றகடுகள், நெற்றியில் கட்டும் பட்டங்களாகக் கருதப்படுகின்றன. சாரதா சீனிவாசனின் உலோகவியல் ஆய்வுகள், இங்குக் கிடைத்த வெண்கலக் கிண்ண வகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வெள்ளீயம் கலந்திருப்பதைக் காட்டுகின்றன. இத்தகைய கலவை குளிர்நிலையில் அடித்தால் உடைந்துவிடும். செஞ்சூட்டில் அடித்து வடிவாக்கி, உடனே நீரில் அமிழ்த்திப் பதப்படுத்தல் வேண்டும். வெள்ளீயம் தென்னிந்தியாவில் அரிதானது. ஆகவே இக்கிண்ணம் கைத்திறனையும் தொலைவணிகத்தையும் ஒருங்கே சுட்டுகிறது. அத்தகைய அரும்பொருளை மண்ணுக்குள் இட்டுத் திரும்பியமை, இறந்தோர்பால் வாழ்வோர் கொண்ட கடப்பாட்டின் அளவைப் புலப்படுத்துகிறது.

உடனிடு பொருள்களுள் பெரிதும் கருதத்தக்கது இரும்புக் கருவிகள் கிடந்த நிலை. அவை நுனி கீழ்நோக்கியவாறே காணப்பட்டன என்றும், துயருற்று நின்றோர் தாழியைச் சூழ்ந்த மண்ணில் அவற்றைக் குத்தி ஊன்றியது போல் இருந்தன என்றும் ரீ குறித்துள்ளார். பொருள்களை இட்ட கைகளின் அசைவைக் காட்டும் அரிய குறிப்பு இது. இதன் இலக்கியத் தொடர்பு ஏழாம் பகுதியில் ஆராயப்படும்.

5. பாடல்களில் தாழி: 'கவித்தல்' என்னும் வினை

சங்கப் பாடல்களில் தாழி பல சூழல்களில் இடம்பெறுகிறது. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடிய புறநானூற்று 228ஆம் பாடல், தாழி வனையும் குயவனை விளித்து, அம்மன்னனின் பெருமைக்கு ஏற்ற தாழியை வனைய இயலுமோ என வினவுகிறது. 256ஆம் பாடலில், கணவனோடு அருஞ்சுரம் பல கடந்துவந்த பெண், அவனுக்கு வனையும் ஈமத்தாழியைத் தனக்கும் இடமிருக்குமாறு அகலமாக வனையும்படி குயவனை வேண்டுகிறாள். வெளிமான் இறந்தமை குறித்துப் பெருஞ்சித்திரனார் பாடிய 238ஆம் பாடலில், கவித்த செந்தாழியின் குவிந்த புறத்தில் பறவைகள் அச்சமின்றி அமர்ந்திருக்கின்றன. நற்றிணை 271இல் மகளைப் பிரிந்த தாய், தன் உயிரை முன்பே கொள்ளாத கூற்றத்தையே பெருந்தாழி கவிக்குமாறு சபிக்கிறாள். பதிற்றுப்பத்து 44ஆம் பாடல் மன்னர்களை மறைத்த தாழிகள் உள்ள, வன்னிமரம் நிற்கும் ஈமக்காட்டைச் சுட்டுகிறது.

இக்குறிப்புகளிலிருந்து மூன்று கருத்துகளைப் பெறலாம்.

முதலாவது, தாழி இறப்பு நேர்ந்தபின் ஒருவருக்கென வனையப்படும் கலம் என்பதை 228, 256 ஆகிய பாடல்கள் முன்கொள்கின்றன. குயவன் ஈமச்சடங்கின் புறத்தே நிற்பவனல்லன், அதில் பங்குகொள்பவன். வாழ்விடத்துச் சூளைத் தடயங்கள் இதனோடு இயைகின்றன. பெருந்தாழியை வனைந்து உலர்த்திச் சுட்டெடுக்கப் பல நாள் ஆகும். அதுவரை உடல் என்னவாயிற்று என்னும் வினா எழுகிறது. அடக்கம் உடனடியாக நிகழும் செயலன்று, கால இடைவெளிகொண்ட தொடர்செயல் என்னும் கருத்துக்கு இவ்வினா வழிவிடுகிறது.

இரண்டாவது, 256ஆம் பாடலின் 'அகலம்' பற்றியது. அப்பெண்ணின் வேண்டுகோள் அவலச்சுவையின் உச்சம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வேண்டுகோள் கேட்போர்க்குப் பொருள்பட வேண்டுமாயின், தாழியின் அளவும் உடலின் அளவும் தொடர்புடையன என்னும் பொது அறிவு இருத்தல் வேண்டும். எலும்புகளை மட்டும் இடும் தாழிக்கு அகலம் இன்றியமையாததன்று. எனவே இப்பாடல் முதல்நிலை அடக்கத்தை மனங்கொண்டு எழுந்தது எனக் கருதலாம். முதல்நிலை அடக்கத் தாழிகளின் வாயகலத்தையும் இரண்டாம் நிலை அடக்கத் தாழிகளின் வாயகலத்தையும் அளந்து ஒப்பிடுவது இக்கருத்தைச் சோதிக்கும் நேரிய வழியாகும்.

மூன்றாவது, 'கவித்தல்' என்னும் வினை. புறநானூறு, நற்றிணை, மணிமேகலை ஆகிய மூன்றும் தாழியோடு இவ்வினையையே ஆள்கின்றன. உடலைத் தாழிக்குள் இடுவதைக் குறிக்க 'இடுதல்', 'வைத்தல்' போன்ற வினைகள் இருக்க, மேலிருந்து மூடுதலைக் குறிக்கும் வினை ஏன் நிலைபெற்றது? தாழி நிமிர்ந்திருப்பதே பரம்பில் காணும் பொதுநிலை. இம்முரணை இரட்டைத் தாழி அமைப்பு தீர்க்கிறது. கீழ்த்தாழியில் உடலை இட்டபின் மேல்தாழியையோ மூடியையோ கவிழ்ப்பதே சடங்கின் இறுதிச் செயல். அதன்பின் முகம் காண இயலாது. பாடல்கள் அடக்கம் முழுவதையும் அவ்விறுதிச் செயலின் பெயரால் சுட்டுகின்றன எனக் கொள்ளலாம்.

238ஆம் பாடலின் காட்சி இதற்கு மேலும் வலுவூட்டுகிறது. நிமிர்ந்த தாழிக்கு மேற்புறம் வாய். கவிழ்த்த தாழிக்கே மேற்புறம் குவிந்த முதுகு. பறவைகள் அமர்வது அம்முதுகின்மீது. ஆயினும் ஒரு வேறுபாட்டையும் மறைத்தலாகாது. பாடலில் தாழியின் மேற்புறம் நிலத்துக்கு மேலே தெரிகிறது. பரம்பிலோ தாழிகள் பல அடி ஆழத்தில் உள்ளன. ஆகவே பாடல் காட்டும் ஈமக்காடு, பரம்பின் அடக்கமுறையோடு உறவுடைய, ஆனால் அதனோடு முற்றும் ஒன்றாத ஒரு வழக்கமாதல் வேண்டும்.

6. மணிமேகலையின் ஐவகையும் இரண்டாம் நிலை அடக்கமும்

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, புகார் நகர்ச் சுடுகாட்டுக் கோட்டத்தை விரித்துரைக்கும் இடத்தில், பிணத்தைச் சுடுவோர், வாளா இடுவோர், தோண்டிய குழியில் இடுவோர், தாழ்ந்த இடத்தில் அடைத்து வைப்போர், தாழியில் கவிப்போர் என ஐவகையினரைக் கூறுகிறது. தமிழகத்து ஈமமுறைகளின் பட்டியலாக இப்பகுதி பலராலும் எடுத்தாளப்பட்டுள்ளது. ஐவகையும் ஐந்து குழுவினரின் வெவ்வேறு முறைகள் என்பது பொதுவான விளக்கம்.

பரம்பின் சான்று இவ்விளக்கத்தை மீளாய்வு செய்யத் தூண்டுகிறது. இரண்டாம் நிலை அடக்கம் நிகழ வேண்டுமாயின் அதற்கு முன் உடல் திறந்தவெளியில் இடப்பட்டோ, தற்காலிகமாகப் புதைக்கப்பட்டோ இருத்தல் வேண்டும். அதாவது காப்பியம் தனித்தனியே எண்ணும் 'இடுதல்', 'குழியிற் படுத்தல்' ஆகியவற்றுள் ஒன்று, 'தாழியிற் கவித்தல்' என்பதற்கு முற்படியாக அமைந்திருக்கக் கூடும். ஒரே நாளில் ஈமக்காட்டைக் காண்பவர்க்கு ஐந்து செயல்களும் ஐவேறு முறைகளாகத் தோன்றும். ஓராண்டு அங்கு நின்று காண்பவர்க்கு அவற்றுள் சில, ஒரே சடங்கின் வெவ்வேறு கட்டங்களாகத் தெரியும். காப்பியத்தின் காட்சி முன்னதைச் சார்ந்தது. அகழாய்வின் காட்சி பின்னதைச் சார்ந்தது.

சுடுதல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல் ஆகியன தனிமுறைகளாகவே இருந்திருக்கலாம் என்பதும், மணிமேகலை பரம்பின் தாழிகளுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கன. எனவே 'ஐவகை' என்பதை ஐந்து சமுதாயக் குழுக்களாக உடனடியாக மொழிபெயர்த்துவிடாமல், படிநிலைகளும் கலந்த ஒரு தொகுப்பாக நோக்குவதே எச்சரிக்கையான வாசிப்பாகும்.

7. ஊன்றிய வேல்: புதைந்ததும் தெரிவதும்

தாழியைச் சூழ்ந்து நுனி கீழாக ஊன்றிய கருவிகளுக்கு நேரான குறிப்பு தாழிப் பாடல்களில் இல்லை. ஆனால் நடுகல் பற்றிய பாடல்களில் உண்டு. அகநானூற்றின் 67, 131 ஆகிய பாடல்கள், மயிற்பீலி சூட்டிய நடுகல்லின் முன் வேலை ஊன்றிக் கேடயத்தைச் சார்த்தியிருப்பதையும், அத்தோற்றம் பகைவரின் போர்முனையை ஒத்திருப்பதையும் கூறுகின்றன. இறந்தவரின் இடத்தைச் சுற்றிப் படைக்கலத்தை மண்ணில் ஊன்றும் செயல் இரண்டிலும் பொதுவானது.

ஆனால் இரண்டிற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. பரம்பில் ஊன்றிய வேல் மண்ணால் மூடப்படுகிறது. சடங்கில் நின்றோர் மட்டுமே அதைக் கண்டவர். நடுகல்லின் வேல் வழிச்செல்வோர் யாவரும் காண நிற்கிறது. முன்னதில் இறந்தவரின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. பின்னதில் பெயரும் பீடும் கல்லில் எழுதப்படுவதைச் சங்கப் பாடல்களே கூறுகின்றன; தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்கள் அதற்குத் தொல்லியல் சான்றாயின. புதைத்து மறைக்கும் வழக்கத்திலிருந்து நாட்டி அறிவிக்கும் வழக்கம் கிளைத்தபோது, படைக்கலத்தை ஊன்றும் பழஞ்செயல் அதனோடு உடன்வந்தது என்பது ஏற்கத்தக்க கருதுகோள். சடங்குகளின் பொருள் மாறினும் கையின் செயல் எளிதில் மாறுவதில்லை.

பரம்பில் கிடைத்த சூலம், வெண்கலச் சேவல், பொற்றகடு ஆகியவற்றை ஒருங்குவைத்து, அவற்றை முருக வழிபாட்டின் தொல்வடிவமாகக் கண்ட வரலாற்றாசிரியர்களும் உளர். பொற்றகட்டை வாய்ப்பூட்டாகக் கொண்ட விளக்கமும் இதனுள் அடங்கும். இக்கருத்தின் வலுவின்மை மூன்றாம் பகுதியில் சுட்டிய குறையிலிருந்து எழுவது. இப்பொருள்கள் ஒரே தாழியின் தொகுதியாகக் கிடைத்தன என்பது நிறுவப்படாதவரை, அவற்றை ஒரே வழிபாட்டின் உறுப்புகளாக இணைத்தல் இயலாது. வேலும் சேவலும் பட்டியலில் அருகருகே நிற்பது, மண்ணில் அருகருகே கிடந்ததற்குச் சான்றாகாது.

8. காலக்கணிப்பின் எல்லைகள்

2004-05 அகழாய்வின் மாதிரிகளிலிருந்து பெற்ற கரிமக் காலக்கணிப்புகள் கி.மு. 905, கி.மு. 696 என 2019இல் அறிவிக்கப்பட்டன. 1968-69இல் கொற்கையில் கிடைத்த கரி மாதிரி கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது இவற்றோடு இயைகிறது. சிவகளையில் ஒரு தாழியினுள் கிடைத்த நெல்மணிகள் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டன. க. ராசன், ர. சிவானந்தம் ஆகியோர் எழுதி 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை, சிவகளையின் சில மாதிரிகளைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் இறுதிவரை கொண்டு செல்கிறது.

இக்கணிப்புகளைக் கையாள்வதில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, ஒரு மாதிரியின் காலம் அம்மாதிரி கிடைத்த தாழியின் காலமேயன்றி, அடுக்கடுக்காக அமைந்த 114 ஏக்கர்ப் பரம்பின் காலமன்று. பரம்பின் தொடக்கமும் முடிவும் அடுக்குதோறும் எடுத்த பல மாதிரிகளாலேயே தெளிவுபடும். மற்றொன்று, சிவகளையின் காலத்தை ஆதிச்சநல்லூருக்கு ஏற்றுவது, ஆற்றுவெளி ஒன்றென்னும் காரணத்தால் மட்டும் நியாயப்படாது.

இலக்கிய ஆய்வாளர்க்கு இதனால் விளைவது யாது? கிடைத்த கணிப்புகளின்படி பரம்பின் தாழிகள், சங்கப் பாடல்களுக்குப் பொதுவாகக் கூறப்படும் காலத்துக்குச் சில நூற்றாண்டுகளேனும் முற்பட்டவை. ஆகவே புலவர்கள் பரம்பின் சமகாலத்தவராகப் பேசவில்லை. பரம்பில் தொடங்கிய நெடிய வழக்கம் ஒன்றின் பிற்காலக் கட்டத்திலிருந்து பேசுகின்றனர். பாடல்களின் காலத்தைப் பின்னோக்கித் தள்ளப் பரம்பைச் சான்றாக்குவதைக் காட்டிலும், பாடல்களுக்குப் பின்புலமாக நின்ற வழக்கத்தின் ஆழத்தை அளக்க அதனைப் பயன்படுத்துவது பொருத்தமானது.

9. மண்டையோடுகளும் இனவகைக் கோட்பாடும்

பரம்பின் மண்டையோடுகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இனவகைப் பகுப்புக்கு உட்படுத்தப்பட்டன. லாப்பிக், எலியட் சிமித், 1930இல் சோலி சுக்கர்மன் ஆகியோர் மண்டையோட்டு அளவுகளை ஆராய்ந்தனர். ஒன்றிரண்டு மண்டையோடுகளின் அடிப்படையில் 'தொல் ஆசுத்திரலேய வகை', 'மத்தியதரை வகை' என்னும் பெயர்கள் இட்டு, அவற்றைத் திராவிடர் தோற்றம் பற்றிய விவாதங்களில் பயன்படுத்தும் போக்கு பின்னர் வளர்ந்தது. கென்னத் கென்னடி 1975இல் தென்னிந்திய, இலங்கைப் பெருங்கற்கால எலும்புகளை ஒருங்கே ஆராய்ந்து, அவை ஒரே இனவகைக்கு உரியன அல்ல என்றும் உடலமைப்பில் பல்வகைமை உடையன என்றும் காட்டினார். மண்டையோட்டின் வடிவம் பேசிய மொழியைக் காட்டாது. எலும்புகளிலிருந்து இன்று பெறத்தக்கவை வயது, பால், நோய், உணவு, உழைப்பின் தழும்பு ஆகியனவே. ஈமக்காட்டில் யாரெல்லாம் இடம்பெற்றனர், யார் விலக்கப்பட்டனர் என்னும் சமுதாய வினாவுக்கு அவையே விடை தரும்.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. ஆதிச்சநல்லூர்ப் பரம்பு ஒரே காலத்தில் உருவானதன்று. அடுக்கடுக்காகப் பல தலைமுறைகள் பயன்படுத்திய ஈமக்காடு. அதன் பரப்பைக் கொண்டு மக்கள்தொகையையும், ஒரு மாதிரியைக் கொண்டு முழுக்காலத்தையும் கூறுதல் பொருந்தாது.

2. பாடல்களில் தாழியோடு நிலைபெற்ற 'கவித்தல்' என்னும் வினை, மேல்தாழியையோ மூடியையோ கவிழ்க்கும் இறுதிச் செயலைக் குறித்து, அதன்வழி அடக்கம் முழுவதையும் சுட்டுவதாகும். இரட்டைத் தாழி அமைப்பு இவ்விளக்கத்துக்கு அரணாகிறது.

3. மணிமேகலை கூறும் ஐவகையுள் சில, ஒரே சடங்கின் படிநிலைகளாகவும் இருந்திருக்கக் கூடும் என்பதை இரண்டாம் நிலை அடக்கம் உணர்த்துகிறது.

4. தாழியைச் சூழ்ந்து படைக்கலம் ஊன்றிய செயலும் நடுகல்முன் வேல் ஊன்றிய செயலும் ஒரே சடங்கு மரபின் இரு கட்டங்களாதல் கூடும்.

5. வழிபாடு, இனம் பற்றிய முடிவுகள் பல, தொகுதி அறியப்படாத தனிப்பொருள்களின்மேல் எழுந்தவை. அவை மீளாய்வுக்கு உரியன.

இவ்வாய்வு மேலும் தொடர மூன்று பணிகள் இன்றியமையாதன. சென்னையிலும் பெர்லினிலும் பிரிந்து கிடக்கும் பொருள்களுக்கு ஒருங்கிணைந்த விளக்கப் பட்டியல் வேண்டும்; இருவகை அடக்கத் தாழிகளின் அளவுகளும் முறையாக வெளியிடப்பட வேண்டும்; புதிய அகழாய்வுகளின் அறிக்கைகள் காலந்தாழ்த்தாது அறிஞர் கைக்கு வர வேண்டும். அகழ்ந்தெடுத்த தாழியை மீண்டும் மண்ணில் வைக்க இயலாது. அதன் நிலையையும் கிடக்கையையும் எழுதிவைத்த பதிவு ஒன்றே எஞ்சுவது. அப்பதிவு வெளிவராதபோது பரம்பு இரண்டாம் முறையாகப் புதைக்கப்பட்டதாகிறது.